ஜட்ஜம்மா வீடு பார்க்கிறாள்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மகள் ஜட்ஜம்மாவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது முதுகில் 'சடக்' என்றது. அப்படியே நின்றுவிட்டேன். அவள் பாதி நாற்காலியில், பாதி என் கையில். நிமிர முடியவில்லை, குனியவும் முடியவில்லை. இருபத்துநாலு வருஷமாகத் தினமும் செய்கிற வேலை. இன்றைக்கு முதுகு மட்டும் "என்னை விட்டுடு" என்று கழன்றுகொண்டது.

"அம்மாவைக் கூப்பிடு" என்றேன். அவள் கூப்பிட்டால்தானே. சிரிக்கிறாள். சிரிப்பு வந்தால் அவளுக்கு உடம்பு முழுக்க விறைத்துக்கொள்ளும், விறைத்தால் கனம் கூடும். கனம் கூடக்கூட என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கு இன்னும் சிரிப்பு. மனைவியோ குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். இந்தப் பாட்டில் இத்தனை சரணம் உண்டு என்று இன்றுதான் தெரிந்தது.

ஒருவழியாகத் தலையில் துண்டோடு வந்து பார்த்தாள். "என்ன, அப்பாவும் பொண்ணும் போட்டோவுக்கு நிக்கறீங்களா?"

லீவு போட்டாயிற்று. தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணல்தான்.

மார்ச் 5, புதன்

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இனிமே கனமா எதையும் தூக்கக் கூடாது."

"என் பொண்ணை..."

"அவங்களையும்தான். வீட்டுல வேற யாரு இருக்காங்க?"

மனைவி இருக்கிறாள், மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று நின்று அவள் முழங்காலும் என் முதுகைப் போலத்தான். மகன் இருக்கிறான், விமானத்தில் போகிற தூரத்தில். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

நான் பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுகிறவன். எந்த வண்டி எங்கே நின்றுபோனாலும், அதற்குப் பதிலாக ஓட ஒரு ஸ்பேர் வண்டி தயாராக இருக்கும். அதை வைத்தவன் நான். எனக்கு ஒரு ஸ்பேர் வைக்கவில்லையே! ஐம்பத்தெட்டு வயதில், சட்டைப் பொத்தான் போடும்போதா இது தோன்ற வேண்டும்?

மார்ச் 9, ஞாயிறு

மகனோடு வீடியோவில் பேச்சு. "எனக்குப் பிறகு ஜட்ஜம்மாவை யார் பார்த்துக்கொள்வது" என்று நேரடியாகவே ஆரம்பித்துவிட்டேன். அவன் வாயில் ரொட்டி. மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"இங்க கூட்டிட்டு வந்துடறேன்ப்பா. நான் பாத்துக்கறேன்."

அவனுக்குப் பின்னால் நாற்காலி முழுவதும் அழுக்குத் துணி மலை. "உன்னை யாருடா பாத்துக்கறது?" என்றாள் மனைவி. உடனே வேறு யோசனைக்குத் தாவினான். வீடு முழுக்கக் கேமரா வைக்கலாமாம், தங்கை என்ன செய்கிறாள் என்று போனிலேயே பார்க்கலாமாம்.

ஜட்ஜம்மா கையை நாற்காலியில் தட்டினாள். ஐந்து வயதிலேயே, வீட்டில் யார் சண்டை போட்டாலும் இப்படித் தட்டித்தான் தீர்ப்பு சொல்வாள். அந்தப் பெயரை வைத்தவன் இந்த அண்ணன்தான். பிறந்தபோது மூச்சுத் திணறியதில் கையும் காலும் அவள் சொல் கேட்பதில்லை, நாக்கு பாதிதான் கேட்கும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் எங்களுக்குத் தேவைக்கு மேலேயே இருக்கிறது. அவள் பேச்சு மனைவிக்கு முக்கால்வாசி புரியும், மகனுக்குப் பாதி. முழுக்கப் புரிவது எனக்கு ஒருவனுக்குத்தான். வெளியாட்களுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

"பா... லா" என்றாள் என்னைப் பார்த்து.

"பால் வேணும்கறா" என்று எழுந்து போய்க் காய்ச்சிக் கொண்டுவந்தேன். டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குடித்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா வந்தாள். முதுகு விஷயம் கேள்விப்பட்டாளாம்.

"நான் இருக்கேன்ல, ஏன்டா கவலைப்படறே? உனக்கப்புறம் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"அக்கா, நீ என்னைவிடப் பத்து வயசு பெரியவ."

"அதனால? நம்ம வீட்டுல எல்லாரும் தொண்ணூறு தாண்டினவங்க."

"அப்படின்னா நானும் தாண்டுவேனே. அப்புறம் நீ எதுக்கு?"

"உனக்குத்தான் முதுகு போச்சே" என்றாள், ஏதோ தலையே போய்விட்டதுபோல. அவள் வீடு மாடியில். லிப்ட் கிடையாது. அதை எடுத்துச் சொன்னேன். "ஒரு தடவை ஏத்திட்டாப் போதும், அப்புறம் எதுக்கு இறங்கணும்?" என்கிறாள்! அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

ஜட்ஜம்மா மறுபடியும் பால் கேட்டாள். கொடுத்தேன். இந்த மாதம் ரொம்பத்தான் பால் குடிக்கிறாள். எலும்புக்கு நல்லது.

மார்ச் 23, ஞாயிறு

பெரிய தாளில் 'எனக்குப் பின்' என்று தலைப்புப் போட்டு ஒரு கால அட்டவணை தயாரித்துச் சுவரில் ஒட்டினேன். எழுப்புவது, பல் தேய்ப்பது, கை கால்களுக்குப் பயிற்சி, மாற்றுத்திறனாளிகள் பகல் மையத்துக்கு வேன், மாத்திரை எல்லாம் நிமிஷக் கணக்கில். யார் வந்து பார்த்துக்கொண்டாலும் இதைப் பார்த்து ஓட்டிவிடலாம்.

மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்று வாசித்தாள். மேலிருந்து கீழ்வரை. மறுபடியும் மேலிருந்து.

"இதுல நான் எங்கேங்க?"

"அதாவது... நாம ரெண்டு பேரும் இல்லாத நிலைமையை வெச்சு..."

"ரெண்டு பேரையும் ஒரே நாள்ல அனுப்பிட்டீங்களா? எனக்கு ஒரு வாரமாவது கூடக் குடுத்திருக்கலாம்ல, வீட்டை நிம்மதியா ஒதுங்க வெக்கறதுக்கு."

ஜட்ஜம்மாவும் பார்த்தாள். விரல் நடுங்க நடுங்க மாலை ஏழு மணிக் கட்டத்தைக் காட்டினாள். அங்கே 'ஓய்வு' என்று போட்டிருந்தேன். டிவியில் மல்யுத்தம் வருகிற நேரம். அதைத் திருத்துகிறவரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்றுவிட்டாள். திருத்தினேன். தீர்ப்பு என்றால் தீர்ப்புதான்.

மார்ச் 29, சனி

மகன் ஒரு பளு தூக்கி வாங்கி அனுப்பியிருக்கிறான். இரும்புக் கை ஒன்று, அதில் தொங்கும் துணித் தொட்டில் ஒன்று. பொத்தானை அழுத்தினால் ஆளைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் இறக்குமாம். மகளை ஏற்றுவதற்கு முன் நான் ஏறிப் பார்ப்பதுதானே முறை? ஏறினேன். பொத்தான் ஜட்ஜம்மா கையில்.

மேலே போனேன். நன்றாகத்தான் போனேன். பிறகு நின்றுவிட்டது. நின்றதா, அவள் நிறுத்தினாளா என்று இன்னும் விசாரணை நடக்கிறது.

காலும் கையும் நாலு பக்கமும் தொங்க, மின்விசிறிக்குப் பக்கத்தில் நான். "கீழே இறக்கு" என்கிறேன், அவள் சிரித்துச் சிரித்து விறைத்துப் பொத்தானைக் கீழே போட்டுவிட்டாள். அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே வந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"அடப்பாவி, என்னடா பண்ணிக்கிட்டே!" என்று ஓடிவந்து என் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் காலை விட்டால்தான் பொத்தானை எடுக்க முடியும், அவளோ விடமாட்டேன் என்கிறாள். மனைவி கடையிலிருந்து வந்துதான் முதலில் அக்காவைப் பிரித்தெடுத்து, அப்புறம் என்னை இறக்கினாள்.

எப்படியோ, இயந்திரம் நல்ல இயந்திரம்தான். சாயந்திரம் ஜட்ஜம்மா அதில் ராணி மாதிரி போய் நாற்காலியில் இறங்கினாள். முதுகு நன்றி சொன்னது. எனக்கென்னவோ கையில் ஒரு வேலை குறைந்தது போல் இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த மாதிரியே எழுதுகிறேன்.

ஜட்ஜம்மாவுக்குப் பகல் மையத்தில் ஒரு தோழி. ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர், முப்பது வயதுக்குள் இருக்கும், பிறவியிலேயே கண் தெரியாது. வார விடுமுறையில் மையத்துக்கு வந்து பாட்டு வகுப்பு எடுக்கிறாள். அவளை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தோம். அக்காவும் வந்திருந்தாள், மகன் போனில், போன் குழம்புப் பாத்திரத்தில் சாய்ந்தபடி.

சாப்பிட்டுக்கொண்டே பழைய பேச்சு. அக்கா வீடா, மகன் வீடா, ஏதாவது விடுதியா. ஜட்ஜம்மா மேஜையைத் தட்டி, "பா... லா" என்றாள். நான் பால் எடுக்க எழுந்தேன்.

"அங்கிள், எங்க போறீங்க?" என்றாள் ஆபரேட்டர்.

"பால் கேக்கறாம்மா."

"அவ பால் கேக்கலையே. 'நான் என்ன பார்சலா?'ன்னு கேக்கறா."

குழம்புப் பாத்திரத்திலிருந்து மகன் குரல் மட்டும்: "என்னது? என்னது? சரியாக் கேக்கல."

ஜட்ஜம்மா பேச ஆரம்பித்தாள். நீளமாக. வீட்டில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் பார்த்ததே இல்லை. ஆபரேட்டர் தலையைச் சாய்த்துக் கேட்டு, புரியாத இடத்தில் "மறுபடி சொல்லு" என்று கேட்டு, சோறு பிசைந்துகொண்டே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பார்சலை எந்த வாசல்ல இறக்கறதுன்னு ஒரு மாசமா பேசறீங்க. பார்சலைப் பிரிச்சு உள்ள என்ன இருக்குன்னு யாரும் கேக்கல. கேக்கறப்பல்லாம் பால் குடுக்கறீங்க. எனக்குப் பால்னாலே பிடிக்காது."

அக்காவுக்கு ஆர்வம் தாங்கவில்லை. "என்னைப் பத்தி என்ன கண்ணு சொல்றா?"

ஆபரேட்டர் ஜட்ஜம்மா பக்கம் திரும்பி, "அப்படியே சொல்லட்டுமா?" என்றாள். உத்தரவு கிடைத்தது.

"அத்தை ரொம்ப நல்லவங்களாம். ஆனா அத்தை குறட்டை விட்டா சுவர்ல மாட்டின படம் ஆடுதாம். மாடி ஏறிட்டா இறங்க வேண்டாம்னு சொன்னீங்களாமே, நீங்க ஏறி ஒரு மாசம் இறங்காம இருந்து காட்டுங்கன்னு சொல்றா."

அக்கா, ஆச்சரியம், சிரித்துவிட்டாள். "எங்கம்மா மாதிரியே பேசறாடா இவ!" மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

கடைசியாக ஒன்று சொன்னாள் ஜட்ஜம்மா. அதை மட்டும் யாரும் மொழிபெயர்க்காமலே நான் புரிந்துகொண்டேன். "நாங்க ரெண்டு பேரும் வீடு பாத்துட்டிருக்கோம்."

ஏப்ரல் 7, திங்கள்

ஒரு மாதமாக எத்தனை டம்ளர் பால்!

ஏப்ரல் 8, செவ்வாய்

டிப்போவில் வேலை ஓடவில்லை. ஒரே நேரத்துக்கு ஒரே தடத்தில் இரண்டு வண்டி போட்டுவிட்டேன். டிரைவர்கள் இருவரும் வந்து மேஜைமுன் நின்று, யார் முன்னால் போவது என்று கேட்டபிறகுதான் பார்த்தேன்.

எனக்குப் புரியலையா? எனக்கா? அவ முதல் வார்த்தை சொன்னப்போ பக்கத்துல இருந்தவன் நான். 'ப்பா'ன்னுதான் சொன்னா. — சொன்னாளா? இல்ல, அதுவும் வேற ஏதாவதா?

சாயந்திரம் அவள் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டேன். "நீ சொல்றது எனக்கு எவ்வளவு புரியுது? நிஜத்தைச் சொல்லு."

யோசித்தாள். "முக்கால்."

"உங்கம்மாவுக்கு நான் குடுத்த மார்க்."

"அம்மாவுக்கும் முக்கால்தான்." பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து இழுத்துச் சொன்னாள். நான் குறுக்கே போகாமல் காத்திருந்தேன், அதுவே பெரிய பாடாக இருந்தது. "நீ முடிக்க விடமாட்டே. பாதியிலேயே கண்டுபிடிச்சுடறே."

ஏப்ரல் 13, ஞாயிறு

வீடு பார்க்கும் படலம். ஜட்ஜம்மா, ஆபரேட்டர், நான் மூவரும். எனக்கு வண்டி ஓட்டும் வேலை மட்டும்தான், கருத்துச் சொல்லும் அதிகாரம் இல்லை என்று காலையிலேயே தெரிவிக்கப்பட்டது.

வீட்டுத் தரகர் என்னிடம் மட்டும் பேசுகிறார். "பாப்பாவுக்கு எந்த மாதிரி வீடு வேணும் சார்?" பாப்பா அவரை ஒரு பார்வை பார்த்தாள். மல்யுத்தத்தில் மணி அடிப்பதற்கு முன் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

முதல் வீடு. "படியே இல்ல சார், ரெண்டே ரெண்டுதான்" என்றார். இரண்டாவதில் குளியலறைக் கதவு வழியாக நாற்காலி போகாது, நானே பக்கவாட்டில்தான் போகவேண்டும். மூன்றாவது தரைத்தளம், அகலக் கதவு, எங்கள் வீட்டிலிருந்து நாலைந்து தெரு தள்ளி. நான் வாயைத் திறக்கவில்லை. மனசுக்குள் மட்டும் ஓடிவந்தால் எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டேன்.

வீட்டுக்காரர் சங்கடத்தோடு கழுத்தைச் சொறிந்தார். "தப்பா நினைக்காதீங்க. ஒருத்தருக்குக் கண்ணு இல்ல, ஒருத்தருக்கு நடை இல்ல. தனியா எப்படி... விளக்கை அணைக்காம விட்டுட்டா, கேஸை மூடாம விட்டுட்டா..."

"விளக்கு எனக்கு வேண்டவே வேண்டாம் சார்" என்றாள் ஆபரேட்டர். "கேஸ் வாசனை உங்களுக்கு முன்னாடி எனக்கு வந்துடும். காலையிலயும் சாயந்திரமும் உதவிக்கு ஆள் வருவாங்க. உங்க பின் ரூம் சுவர்ல ஈரம் ஊறுது, அதை மட்டும் சரிபண்ணிக் குடுங்க."

அவர் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

ஜட்ஜம்மா ஒன்று கேட்டாள். வழக்கம்போல் எனக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது, வாடகை கேட்கிறாள் என்று. நல்லவேளை, காத்திருந்தேன். டிவி மாட்ட ஆணி அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 26, சனி

இதை யாரிடமும் சொல்லக்கூடாது. எழுதலாம்.

அந்த மூன்றாவது வீடே முடிவாகி, அதன் தெருவில் இருவரும் பழகிப் பார்க்கப் போனார்கள். ஆபரேட்டர் நாற்காலியைத் தள்ளுவாள், ஜட்ஜம்மா வழி சொல்வாள். நீளமாகச் சொல்ல நேரம் போதாது என்பதால் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு: 'ஆ' என்றால் இடது, 'ஊ' என்றால் வலது, 'ஏய்' என்றால் நில். "நீ வராதே" என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. நான் போகவில்லை. சும்மா அந்தப் பக்கமாகத் தற்செயலாக நடந்தேன்.

முதலில் மரத்துக்குப் பின்னால், பிறகு மின்கம்பத்துக்குப் பின்னால், பிறகு நின்றிருந்த வேனுக்குப் பின்னால். அவர்கள் "ஆ... ஊ... ஊ" என்று அழகாகப் போகிறார்கள். ஒரு பள்ளத்தை நூல் பிடித்ததுபோல் சுற்றிக்கொண்டு போனபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. தோளில் ஒரு கை விழுந்தது. வங்கி வாசல் காவலாளி.

"என்ன பெரியவரே, ரொம்ப நேரமா பாக்கறேன், பொண்ணுங்க பின்னாடியே போறீங்க? வயசுக்குத் தகுந்த வேலையா இது?"

"என் பொண்ணுங்க அது."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டே அவர்களை நிறுத்தினார். "ஏம்மா, இவரு உங்க அப்பாவா?"

ஜட்ஜம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள். ஏதோ சொன்னாள்.

"தெரியாதாம்" என்றாள் ஆபரேட்டர்.

காவலாளி பிடியை இறுக்கினார். அவ்வளவுதான், அவளுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்து நாற்காலியே ஆடியது. ஆபரேட்டரும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "அங்கிள், நீங்க மரத்தடியிலேர்ந்தே வர்றீங்கன்னு தெரியும். உங்க செருப்பு ஒவ்வொரு அடிக்கும் கீச்சுங்குது. வர்றதுன்னா பக்கத்துல வாங்க, பின்னால வந்தா எங்களுக்குப் பயமா இருக்கு."

மே 4, ஞாயிறு

விழுந்துவிட்டாள்.

வீட்டுச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, சாக்கடை மூடியின் இடுக்கில் முன்சக்கரம் மாட்டி நாற்காலி கவிழ்ந்துவிட்டது. முகவாயில் காயம், கையில் சிராய்ப்பு. ஆபரேட்டருக்கு முட்டியில். யாரோ ஆட்டோவில் ஏற்றி நேராக மனைவியின் மருந்துக்கடைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். நான் போனபோது இருவரையும் கவுண்டருக்குப் பின்னால் உட்காரவைத்து மனைவி பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கத்தினேன். கடை என்றும் பார்க்கவில்லை. "போதும்! வீடும் வேணாம் ஒண்ணும் வேணாம், விளையாட்டா இது? தலையில அடிபட்டிருந்தா? நான் இருக்கறவரைக்கும் இனி எங்கேயும் போகவேண்டாம்." இருமல் மருந்துக்கு நின்றவர் சீட்டைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

ஆபரேட்டர் தலை குனிந்து, "என் தப்புதான் அங்கிள்" என்றாள். ஜட்ஜம்மா கவுண்டரைத் தட்டினாள்.

"உன் கையிலேர்ந்து நான் எத்தனை தடவை விழுந்திருக்கேன்?"

"அது வேற" என்றேன்.

"ரயில்வே ஸ்டேஷன்ல ஒண்ணு" என்றாள் மனைவி, பஞ்சை மாற்றிக்கொண்டே. "அக்கா வீட்டு மாடிப்படியில ஒண்ணு. பாத்ரூம்ல சோப்பு வழுக்கி நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்தது ஒண்ணு. நான் தினம் கடையில பாக்கறேங்க. விழுந்தவங்க மருந்து போட்டுக்கிட்டு அவங்கவங்க வீட்டுக்குத்தான் போறாங்க. யாரும் வீட்டைக் காலி பண்றதில்ல."

"நான் இல்லாதப்ப இப்படி நடந்தா?" உண்மையில் நான் கேட்க நினைத்தது இது ஒன்றைத்தான். முதுகு பிடித்த நாளிலிருந்தே.

ஜட்ஜம்மா சொன்னாள். நான் மூன்று தடவை "மறுபடி சொல்லு" என்று கேட்டு, முழுவதும் கேட்டுக்கொண்டேன். அவள் சொன்னது: "நீ இருக்கும்போதே பழகிக்கிறேன்ப்பா. நீ போனப்புறம் பழகினா அழுதுட்டே பழகணும். நான் அழுதா என் பேச்சு இவளுக்கே புரியாது."

கடைக்குள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மே 5, திங்கள்

டிப்போ பட்டறை வெல்டரிடம் சொல்லி நாற்காலிக்கு அகலமான முன்சக்கரம் போட ஏற்பாடு.

ஜூன் 1, ஞாயிறு

குடிபோய்விட்டார்கள். இப்போதைக்கு வாரத்தில் நான்கு நாள் அங்கே, மூன்று நாள் இங்கே. காலையில் ஒரு உதவியாளர் அம்மா, சாயந்திரம் இன்னொருவர். பளு தூக்கியும் போய்விட்டது. மேற்பார்வைக்கு மையத்து சமூக சேவகி மாதம் ஒருமுறை. பெரிய முடிவு எதுவானாலும் ஜட்ஜம்மாவும் அண்ணனும் சேர்ந்து எடுப்பது என்று வக்கீலை வைத்து எழுதியாயிற்று. கேமரா வேண்டாம் என்பது அவள் போட்ட முதல் நிபந்தனை. அண்ணன் ஒத்துக்கொண்டான். வருஷத்துக்கு ஒருமுறை லீவு எடுத்து வந்து அந்த வீட்டில் தங்கவேண்டும் என்பது இரண்டாவது. கண் கலங்கி அதற்கும் ஒத்துக்கொண்டான்.

என் அட்டவணையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஆபரேட்டர் அதன்மேல் கையால் தடவி, "நல்ல கெட்டித் தாள் அங்கிள்" என்றாள். பின் அறைச் சுவரில் ஈரம் பட்ட இடத்தை மறைக்க ஒட்டியிருக்கிறார்கள்.

ஜூன் 3, செவ்வாய்

மனைவியும் நானும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே. ஒருவரிடம் ஒருவர் நேராகப் பேசி ரொம்ப வருஷமாயிற்று போலிருக்கிறது. நடுவில் எப்போதும் ஜட்ஜம்மா இருப்பாள்.

"அப்புறம்?" என்றாள்.

"நீதான் சொல்லணும்" என்றேன்.

கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு கூச்சம் இல்லை.

ஜூலை 19, சனி

அக்கா அங்கே போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்திருக்கிறாள். மேற்பார்வையாம். திரும்பி வந்ததிலிருந்து ஒரே மல்யுத்தப் பேச்சு. "அந்த முகமூடி போட்டவன் ஏமாத்தறான்டா, ரெப்ரீ பாக்கவே மாட்டேங்கறான்" என்று போனில் அரை மணிநேரம் பொரிந்து தள்ளினாள். குறட்டை பற்றிக் கேட்டேன். அவளுக்குப் பின் அறையை ஒதுக்கிக் கதவைச் சாத்திவிட்டார்களாம். "நல்ல பிள்ளைங்க, தனி ரூம் குடுத்தாங்க" என்கிறாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் வர வேண்டிய உதவியாளர் அம்மாவுக்குக் காய்ச்சல். எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களே மையத்துக்குப் பேசி மாற்று ஆள் வரவழைத்து, அதுவரை கட்டிலிலேயே காபி குடித்துவிட்டு இருந்திருக்கிறார்கள். எனக்குச் சாயந்திரம்தான் தெரிந்தது. "ஏன் சொல்லல?" என்று குதித்தேன்.

"நீ ஓடி வந்திருப்பே" என்றாள் ஜட்ஜம்மா.

ஓடித்தான் வந்திருப்பேன். முதுகைப் பிடித்துக்கொண்டு.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் எட்டு மணிவரை தூங்கியிருக்கிறேன். கண் விழித்ததும் பதறி, "ஐயோ, அவளை எழுப்பலையே" என்று எழுந்து அவள் அறைக்கு ஓடினேன். கட்டில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. மனைவி ஹாலில் கால் நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். "காபி பிளாஸ்க்ல இருக்கு" என்றாள், தலை நிமிராமல்.

குடித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. ஜட்ஜம்மா. அவளே பேசினாள், இந்தத் தடவை நடுவில் ஆபரேட்டர் இல்லை. முகத்தைப் பார்க்காமல் அவள் பேச்சைப் பிடிப்பது கஷ்டம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவசரப்படவில்லை. புரியாத இடத்திலெல்லாம் "மறுபடி சொல்லும்மா" என்றேன். ஒரு சொல்லுக்கு நாலு தடவை கேட்டேன். அவள் நாலு தடவையும் சொன்னாள்.

விஷயம் இவ்வளவுதான்: வருகிற சனி, ஞாயிறு நாங்கள் அங்கே வரவேண்டாம், அவர்களும் இங்கே வரமாட்டார்கள். இருவரும் எங்கோ போகிறார்கள்.

எங்கே என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

கேட்கவில்லை என்று எழுதினால் பொய். கேட்டேன். அவள் சொல்லவில்லை.